லிங்கன்கள் வந்த வழி

அன்புள்ள கயலுக்கு,

லிங்கன் என்ற குடும்பப் பெயரைப் பற்றிய கட்டுரையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். இங்கிலாந்தின் லிங்கன் நகரத்திலிருந்து மட்டும் தொடங்காதே. ஊர்ப்பெயர் பெரும்பாலும் ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் ஒட்டும். அந்த ஊருக்குள்ளேயே இருக்கிறவனை அப்படி அழைத்து என்ன பயன்? நார்ஃபோக்கிலோ லண்டனிலோ போய்த் தங்கியவன்தான் 'லிங்கன்காரன்' ஆனான். அப்படிக் கிளம்பியவர்கள் பலர் என்பதால், பெயர் ஒன்றாக இருந்தால் குடும்பமும் ஒன்று என்று ஆகாது.

ஆபிரகாம் லிங்கனுக்கே இந்தச் சிக்கல் இருந்தது. தன் முன்னோர் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியிலிருந்து வர்ஜீனியாவுக்கு வந்ததுவரை அவருக்குத் தெரியும். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்து பகுதியின் லிங்கன்களோடு இணைக்கப் பார்த்ததில் மார்டெகாய், சாலமன், ஆபிரகாம் போன்ற பெயர்கள் இரு பக்கமும் வருகின்றன என்பதற்கு மேல் எதுவும் தேறவில்லை என்று 1859-ல் எழுதினார்.

பின்னால் வந்தவர்கள் சங்கிலியை முடித்தார்கள். சாமுவேல் லிங்கன் என்ற நெசவுப் பையன் 1637-ல் நார்ஃபோக்கின் ஹிங்ஹமை விட்டு மாசசூசெட்ஸில் அதே பெயரிட்ட ஊருக்கு வந்தான். அவன் மகன் மார்டெகாய் கொல்லர். அவர் மகன் இன்னொரு மார்டெகாய். நியூ ஜெர்சி போய், பிறகு பென்சில்வேனியா. அவர் மகன் ஜான் 1768 வாக்கில் வர்ஜீனியா போனார். ஜானின் மகன் ஆபிரகாம் கென்டக்கியில் 1786-ல் கொல்லப்பட்டார். அவர் மகன் தாமஸ் 1816-ல் இந்தியானாவுக்கும் 1830-ல் இல்லினாய்ஸுக்கும் குடிபெயர்ந்தார். ஜனாதிபதியின் அப்பா இவர்தான்.

இந்த வரிசையை நீயும் கீழிருந்து மேலே போய்ச் சரிபார். இடம் மாறியவர்களுக்கு ஞானஸ்நானப் பதிவைவிட நிலப் பத்திரமும் உயிலும் கை கொடுக்கும். விற்பவன் எந்த ஊரான் என்று பத்திரத்தில் இருக்கும். எழுத்தைப் பிடித்துக்கொண்டு தேடாதே. கென்டக்கியில் கொல்லப்பட்ட அந்த ஆபிரகாம், அங்குள்ள நில ஆவணத்தில் 'லிங்க்கார்ன்'. ஹிங்ஹமில் ஒரே காலத்தில் நான்கு தாமஸ் லிங்கன்கள் இருந்தார்கள்: நெசவாளர், மில்காரர், பீப்பாய் செய்பவர், விவசாயி. தொழிலைக் குறிக்காமல் விட்டால் நால்வரும் ஒருவராகிவிடுவார்கள்.

இங்கிலாந்துத் தேவாலயப் பதிவேடுகள் 1538-ல் தொடங்குகின்றன, ஆனால் பழைய ஏடுகள் பல இல்லை. அப்படிப்பட்ட இடத்தில், 1598 முதல் ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பிய நகலைத் தேடு. இன்னொரு பொறி, 1752-க்கு முன் அங்கே ஆண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. ஏப்ரல் 1640-ல் கல்யாணம், பிப்ரவரி 1640-ல் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று இருந்தால் யாரையும் சந்தேகப்படாதே. அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1641. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளை 1640/41 என்று இரண்டாகவே எழுது.

ஒரு தலைமுறையை அடுத்ததோடு இணைக்க ஆவணம் கிடைக்காவிட்டால் குடும்ப மர வரைபடத்தில் அங்கே புள்ளிக்கோடு போடு. வரைபடம் ஆனதும் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா