கையளித்த நாளோடு முடிந்துவிடக்கூடாத பொறுப்பு: திருகோணமலையில் நாய்களை மீட்கும் தொண்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய தொண்டர்களுக்கு,

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளிக் கரையோரங்களிலும் கட்டாக்காலியாகத் திரியும் நாய்களை மீட்டு, காயத்துக்கு மருந்திட்டு, வீடுகளுக்குத் தத்துக் கொடுக்கும் உங்கள் பணியை மிகவும் மதிக்கிறேன். அந்த மதிப்போடு ஒன்றைக் கேட்கிறேன். நாயைக் கையளித்த பின்னரும் குறைந்தது 3 மாதங்களுக்கு அந்த வீட்டாரோடு நீங்கள் தொடர்பில் இருக்க வேண்டும்.

உல்லாசப் பயணிகள் வரும் மாதங்களில் கடற்கரை நாய்களுக்கு விடுதிகளின் மிச்சச் சாப்பாடு கிடைக்கிறது. ஒக்டோபருக்குப் பின் மழை தொடங்கி விடுதிகள் வெறிச்சோடும்போது அவை எலும்பும் தோலுமாகின்றன. அதைக் கண்டு மனம் இளகி வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் பலர். ஆனால் அதே மாதங்களில்தான் இடியும் மின்னலும் அதிகம். திறந்த மணலில் தன் விருப்பப்படி படுத்துப் பழகிய நாய், பூட்டிய வளவுக்குள் இடிமுழக்கம் கேட்டால் மிரண்டு மதிலைத் தாண்டி ஓடும். வந்து சில நாட்களே ஆன நாய்க்குத் திரும்பி வரும் வழியும் தெரியாது. இதைக் கையளிக்கும்போதே சொல்லி, படலையின் அடியில் உள்ள இடைவெளியையும் மதிலின் உயரத்தையும் நேரில் பார்த்துவிட்டு நாயைக் கொடுப்பீர்களானால் பல இழப்புகளைத் தவிர்க்கலாம்.

புதிய வீட்டில் முதல் நாட்களில் நாய் சாப்பிடாமல் கட்டிலுக்கடியில் ஒதுங்கிக் கிடக்கும். பதற்றம் தணிய ஏறத்தாழ 3 நாள், வீட்டின் ஒழுங்கு பிடிபட 3 வாரம், இது தன் வீடு என்று நம்ப 3 மாதம் என்பது நாய்க் காப்பகங்களில் வழங்கும் கணக்கு. அடிபட்டு வளர்ந்த நாய்க்கு இன்னும் கூடுதலாகவும் ஆகலாம். நம்மவர்களோ வந்த அன்றே கிணற்றடியில் கட்டிவைத்துக் குளிப்பாட்டுகிறார்கள். மாலையில் உறவினரும் அயல்வீட்டுப் பிள்ளைகளும் சூழ்ந்து நின்று தடவுகிறார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் நாய்க்கு அது பயத்தையே கூட்டுகிறது. விறாந்தையின் ஒரு மூலையில் சாக்கு விரித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்து, ஒரே ஆள் ஒரே நேரத்தில் சோறு வைத்து, உண்ணும்போதும் உறங்கும்போதும் எவரும் தொடாமல் விட்டாலே போதும். மற்றதெல்லாம் பிறகு வரும்.

வீட்டார் மனம் தளர்வது பெரும்பாலும் 3 வாரமளவில்தான் என்பது என் எண்ணம். பயம் தெளிந்த நாய் அப்போதுதான் படலையில் நின்று குரைக்கிறது, செருப்பைக் கடிக்கிறது, தட்டருகே வருபவரைப் பார்த்து உறுமுகிறது. "வந்தபோது சாதுவாக இருந்ததே" என்று வீட்டார் திகைக்கும் அந்த நேரத்தில் உங்களிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால், அந்த நாய் மீண்டும் தெருவுக்குப் போகாது.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி பற்றியும் தெளிவாகச் சொல்லுங்கள். ஊசி போட்டவுடனேயே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. அதற்குச் சில வாரங்கள் வேண்டும். தெருவிலேயே நோய் தொற்றியிருந்தால் அறிகுறி தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது அரிது. ஆகவே தத்தெடுத்த நாய் விளையாட்டாகக் கீறினாலும் கடித்தாலும், காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போகச் சொல்லுங்கள். உண்ணியால் வரும் காய்ச்சலும் இங்கு சாதாரணம்: நாய் சோர்ந்து, பல்முரசு வெளிறினால் உடனே கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். வெங்காயம் சேர்ந்த கறிச்சோறு நாயின் சிவப்பு இரத்த அணுக்களை அழிக்கும் என்பதையும் சமைத்த எலும்பு சிதறிக் குடலைக் குத்தும் என்பதையும் பலர் அறியார்.

இது பல சமூகத்தவர் மதிலோடு மதிலாக வாழும் நகரம். நாயின் எச்சில் உடையில் பட்டால் கழுவிவிட்டே தொழச் செல்ல வேண்டிய அயலவர்கள் இருக்கிறார்கள். நாய் வரப்போகிறது என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, அது தங்கள் வளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கே கொடுங்கள். கோட்டைப் பக்கம் வசிப்பவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு: அங்கே திரியும் புள்ளிமான்களை நாய் துரத்தாதிருக்க, கயிற்றில் பிடித்தே நடத்த வேண்டும்.

எவ்வளவு முயன்றும் சில வீடுகளில் பொருந்தாமல் போகும். அப்போது வீட்டாரைக் கடிந்துகொள்ளாமல் நாயைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்; ஏச்சுக்கு அஞ்சியே சிலர் இருட்டியபின் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை ஆகியவற்றின் திகதிகளோடு உங்கள் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 3 ஆம் நாளும் 3 ஆம் வாரமும் 3 ஆம் மாதமும் நீங்களாகவே அழையுங்கள். ஆள் போதாதென்றால், மாதந்தோறும் கொடுக்கும் நாய்களின் எண்ணிக்கையைக் குறைத்தாவது இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
தத்தெடுத்த நாயோடு வாழும் திருகோணமலைவாசி