செட் மாத்திரையை மடித்துக் கொடுக்குமுன்

இராமநாதபுரம் கடற்கரையோர ஊர்களின் மருந்துக்கடை உரிமையாளர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் வணக்கம்.

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், பாம்பன், இராமேசுவரம் என எந்த ஊர் மருந்துக்கடையில் நின்றாலும் மாலையில் காதில் விழும் குரல் ஒன்றுதான்: "உடம்பு வலிக்கு மூணு வேளைக்கு செட் குடுங்கண்ணே." நாமும் அட்டையிலிருந்து வெட்டிய மாத்திரைகளை, வேளைக்கு மூன்று நான்காக, காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுகிறோம். நாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருந்தாளுநரான நான், இளவயதில் ஒரு கடையில் நின்று பல ஆண்டுகள் அப்படி மடித்துக் கொடுத்தவன்.

அந்தப் பொட்டலத்தைப் பிரித்துக் கணக்குப் பாருங்கள். காய்ச்சல் மாத்திரையில் பாரசிட்டமால் 650 மில்லிகிராம். அசிக்ளோபினாக்குடன் சேர்ந்து வரும் வலி மாத்திரையில் 325. சளி மாத்திரை ஒன்றில் 500. ஒரு வேளைக்கு 1,475 மில்லிகிராம் என்றால் மூன்று வேளைக்கு 4,425. நல்ல உடல்நலமுள்ள பெரியவருக்கே ஒரு நாள் உச்ச அளவு 4,000 மில்லிகிராம்தான். வாங்குபவர் மூன்று வெவ்வேறு மருந்துகளை விழுங்குவதாக நினைக்கிறார். கல்லீரலோ ஒரே மருந்தை மூன்று முறை பெறுகிறது.

அளவோடு எடுத்தால் பாரசிட்டமால் சாதுவான மருந்து. அதன் பெரும்பகுதியைக் கல்லீரல் கேடில்லாத பொருள்களாக மாற்றிச் சிறுநீர் வழியே அனுப்பிவிடும். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பங்கு மட்டும் சைட்டோகுரோம் பி-450 நொதிகளிடம், குறிப்பாக 2இ1 என்ற நொதியிடம் சிக்கி, 'நாப்கி' என்று வேதியியலார் சுருக்கிச் சொல்லும் கடுமையான நஞ்சாகிறது. கல்லீரலில் இருப்பில் உள்ள குளூட்டாதயோன் என்ற காப்புப் பொருள் அந்த நஞ்சைப் பிடித்து முடக்கிவிடும். இருப்பு வற்றிவிட்டால் நாப்கி கல்லீரல் உயிரணுக்களின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைச் சாகடிக்கும். அமெரிக்க தேசிய உடல்நல நிறுவன ஆய்வாளர்கள் 1973-இலேயே இதை விளக்கிவிட்டார்கள்.

உடலே நஞ்சு காய்ச்சுமா என்று கேட்பவர்களுக்கு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தை நினைவூட்டலாம். அதில் கலந்திருந்த மெத்தனால், குடித்தவர்களின் கல்லீரலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின் ஃபார்மிக் அமிலமாகவும் மாறிய பிறகுதான் கண்ணையும் உயிரையும் பறிக்கும் நஞ்சாகிறது.

நம் கரையில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. நாள்தோறும் குடிப்பவரின் கல்லீரலில் 2இ1 நொதி பெருகியிருக்கும். மது உடலில் இருக்கும்வரை அந்த நொதிக்கு அதுவே வேலை கொடுத்துக்கொண்டிருக்கும். மது வடிந்த மறுநாள், பெருகிய நொதி முழுவதும் பாரசிட்டமாலை எதிர்கொள்ளும். தலைவலிக்கு மாத்திரை கேட்டு அவர் நம் கடைக்கு வருவதும் அந்த மறுநாளில்தான். பசியும் இதே திசையில்தான் தள்ளுகிறது. சரியாகச் சாப்பிடாத உடலில் குளூட்டாதயோன் இருப்பு குறைந்துவிடும். விடியுமுன் நீராகாரத்தோடு கிளம்பி, இடுப்பளவு நீரில் நின்று பாசி எடுத்துவிட்டு வந்து வலி மாத்திரை கேட்கும் பெண்களிடம், குடிப்பழக்கம் இல்லை என்பதாலேயே நாம் எதையும் கேட்பதில்லை. எனக்கு அதிகம் உறுத்துவது அதுதான். குடிப்பவருக்கும் ஊட்டமில்லாதவருக்கும் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று மருத்துவர்கள் பலர் சொல்வது இதனால்தான்.

மருந்து மிகுந்துவிட்டால் முதல் நாளில் குமட்டலும் சோர்வும் மட்டுமே தெரியும். கடலில் இருப்பவர் அதைப் படகின் ஆட்டம் என்றோ நேற்றைய குடி என்றோ எடுத்துக்கொள்வார். வலப்புற விலாவுக்குக் கீழே வலியும் கண்ணில் மஞ்சளும் தெரிவதற்குள் இரண்டு மூன்று நாள் கடந்துவிடும். நஞ்சை முறிக்கும் மருந்தான அசிட்டைல்சிஸ்டீனோ, அளவு மீறி விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் ஏறக்குறைய முழுமையாகக் காக்கும். மாலையில் வாங்கிய பொட்டலத்தை விடியலில் நடுக்கடலில் பிரிப்பவருக்கு அந்த எட்டு மணி நேரம் எங்கே கிடைக்கும்?

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. பாரசிட்டமால் கலந்த மாத்திரை ஒரு பொட்டலத்தில் ஒரு வகைக்கு மேல் இருக்க வேண்டாம். பெயர் தெரியாதபடி வெட்டிய மாத்திரையைக் கொடுக்காதீர்கள். உறையின் மேல் மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை மணி நேர இடைவெளி என்பவற்றைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். குடித்தீர்களா, சாப்பிட்டீர்களா, வேறு மாத்திரை ஏதும் போடுகிறீர்களா என்று கேளுங்கள். காசநோய்க்கு ஐசோனியாசிட் சாப்பிடுபவராக இருந்தால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் அதுவும் 2இ1 நொதியைப் பெருக்கும். கூடுதலாகப் போட்டுவிட்டேன் என்று ஒருவர் வந்து நின்றால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பாமல் உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். விழுங்கிய நேரத்தையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்கப் போவது அந்த இரண்டையும்தான்.

இப்படிக்கு,
பாம்பன் கரையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மருந்தாளுநர்