மாடியில் இருக்கும் எரு மூட்டைகள்

அன்புள்ள தம்பிக்கு, அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய மாடித் தோட்டத்துப் படத்தை நானும் அம்மாவும் பார்த்தோம். கத்தரி நாற்று நன்றாகவே பிடித்திருக்கிறது. ஆனால் ஓரத்தில் வாய் பிரித்து வைத்திருந்த தொழுவுர மூட்டைகளைப் பார்த்த பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை. தொலைபேசியில் சொன்னால் "சரிப்பா" என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

உன் நோயின் பெயர் நாட்பட்ட கிரானுலோமா நோய் என்பது உனக்குச் சிறுவயதிலேயே தெரியும். அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை நான் விளக்கிச் சொன்னதில்லை. நம் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கிய பின், ஆக்சிஜனைக் கொண்டு சூப்பராக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாக்கி அதைக் கொல்கின்றன. அதற்கு வேண்டிய நொதியின் ஒரு முக்கியப் பகுதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. உனக்கு அது அம்மா வழியாகப் பழுதாக வந்துவிட்டது. ஆகவே உன் அணுக்கள் விழுங்கும், ஆனால் சில பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் கொல்ல அவற்றால் முடியாது. சளிக்காய்ச்சல் உனக்கும் மற்றவர்களைப் போலவே வந்து போவதால்தான் நீ இதை மறந்துவிடுகிறாய்.

ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை மக்கும் இலையிலும் எருவிலும் ஈரம்பட்ட வைக்கோலிலும் வளர்வது. எல்லோரும் தினமும் அதன் வித்துகளைச் சுவாசிக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. உன்னைப் போன்றவர்கள் எருவைக் கிளறி அந்தத் தூசியை இழுத்துவிட்டால், சில நாட்களிலேயே காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்து இரண்டு நுரையீரல்களும் பாதிக்கப்படலாம். நோய் இருப்பதே தெரியாமல் வளர்ந்து, தோட்டத்தில் உரம் அள்ளிய பிறகு இப்படிப் படுத்தபோதுதான் தெரிந்துகொண்ட பெரியவர்களும் உண்டு. அதற்குப் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுப்பார்கள் என்பதால், எப்போதாவது காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதலில் எருவைத் தொட்டதைச் சொல்.

காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட பக்கத்து அக்குளில் உனக்குக் கட்டி வந்தது. மூன்று வயதில் ஈரலில் சீழ் பிடித்தது. காசநோய் என்று மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். அணுக்கள் பெராக்சைடு உண்டாக்குகின்றனவா என்று பார்க்கும் டி.எச்.ஆர். இரத்தப் பரிசோதனையைப் பிறகுதான் ஒருவர் செய்யச் சொன்னார். அம்மாவின் தம்பி ஆறு வயதில் "காய்ச்சலில் போய்விட்டான்" என்று அவர்கள் வீட்டில் சொல்லிவந்ததன் பொருள் எங்களுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அம்மா இன்னமும் தன்னையே நொந்துகொள்கிறாள். அவளிடம் இந்தப் பேச்சை எடுக்காதே. தங்கையின் திருமணத்துக்கு முன் அவளுக்கும் அந்தப் பரிசோதனையைச் செய்தாக வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஊர்ப்பிள்ளைகள் நம் களத்து வைக்கோல் போரில் ஏறிக் குதிக்கையில் உன்னைத் திண்ணையை விட்டு இறங்கவிடாமல் வைத்திருந்தேன். விவசாயியின் மகனை வயலுக்கு வராதே என்று சொல்லி வளர்த்த வருத்தம் எனக்கு உண்டு. உனக்குச் செடிமேல் ஆசை வந்ததில் வியப்பும் இல்லை.

நீ சாப்பிடும் பூஞ்சைத் தடுப்பு மாத்திரையான இட்ராகோனசோலைப் பற்றியும் ஒன்று. 2003-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், இந்த நோயுள்ள 39 பேருக்கு அதையும் மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரைக் காலத்தில் ஏழு பேருக்குக் கடுமையான பூஞ்சைத் தொற்று வந்தது. மருந்துக் காலத்தில் வந்தது ஒருவருக்கு மட்டுமே, அவரும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர். அந்த ஒருவரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கேப்சூலை வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் போடு. நெஞ்செரிச்சலுக்கு நீயாக அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வாங்கிப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. 1957-இல் இந்த நோயைப் பற்றி எழுதிய அமெரிக்க மருத்துவர்கள் அதன் பெயரிலேயே "உயிர்க்கொல்லி" என்று சேர்த்திருந்தார்கள். அந்தச் சொல்லைப் பின்னாளில் எடுத்துவிட்டதற்கு இத்தகைய மாத்திரைகளும் ஒரு காரணம்.

அடுத்த மாதம் நான் வந்து மண் கலந்து தொட்டிகளை நிரப்பித் தருகிறேன். அன்றைக்கு நீ மாடிக்கு வர வேண்டாம். அதற்குப் பிறகு நீ எவ்வளவு தூரம் செடிகளிடம் போகலாம் என்பதை உன் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வோம். அதுவரை யாரையாவது விட்டு அந்த மூட்டைகளின் வாயைக் கட்டி வெளியே எடுத்துப் போகச் சொல். நீ கட்டாதே.

அன்புடன்,
அப்பா