கணவரிடமும் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

கர்ப்பிணிகளின் மனச்சோர்வு பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். அவசியமான எழுத்து. ஆனால் அதில் கணவர் ‘ஆறுதல் சொல்பவராக’ மட்டுமே வந்துபோகிறார். முதல் குழந்தையை எதிர்நோக்கும் இளம் கணவருக்கும் மனச்சோர்வு வரலாம். சிறுவயதில் கிடைத்த அரவணைப்பு, பின்னாளில் துணையிடம் நெருங்குவதையும் விலகுவதையும் பாதிக்கிறது என்கிறார்கள், பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி வழிவந்த உளவியலாளர்கள். கைவிட்டுவிடுவாரோ என்று அஞ்சும் மனைவியும், நெருக்கடியில் வாய்மூடிக்கொள்ளும் கணவரும் ஒரே வீட்டில் இருந்தால் இருவருமே தனித்துப்போகிறார்கள்.

நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். பரிசோதனை நாள்களில் கணவர்கள் வாசலில் வண்டியருகேதான் நிற்பார்கள். உள்ளே அழைக்கும் வழக்கமே கிடையாது. வளைகாப்பு முடிந்து மனைவி தாய்வீடு போய்விட்டால், கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்க ஆளில்லை. மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவீட்டில் இருப்பவை 10 கேள்விகள்தான். தமிழ் வடிவமும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில், பெண் தாய்வீடு செல்லும் முன்பே இருவரிடமும் தனித்தனியாக அவற்றைக் கேட்டு, தேவைப்படுவோரை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பலாம். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416-ஐயும் கணவரின் கையில் எழுதிக் கொடுக்கலாம்.

– ஓய்வுபெற்ற செவிலியர், திண்டுக்கல் மாவட்டம்