நடைபாதை சிலாப்புகளைத் தூக்கக் கருவி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவமழைக்கு முன்னதாக மழைநீர் வடிகால்களைத் தூர்வாரும் வேலை நம் நகரங்களில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. அந்த வடிகால்களை மூடி, நடைபாதையாகவும் பயன்படும் கான்கிரீட் சிலாப்புகளை எடுக்கும் முறையையும் திரும்பப் பதிக்கும் முறையையும் பற்றி, கட்டுமான மேற்பார்வையாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சில கருத்துகளைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

மூன்றடி நீளம், இரண்டடி அகலம், நான்கு அங்குலக் கனம் கொண்ட ஒரு சிலாப் ஏறத்தாழ 140 கிலோ எடையிருக்கும். வளர்ந்த ஆண் ஒருவர் கையால் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்துவிட்டது. நம் தொழிலாளர்களுக்கோ இன்றும் கடப்பாரையைத் தவிர வேறு துணை இல்லை. இருவர் இணைப்பு இடுக்கில் கடப்பாரையைச் செருகி நெம்புவார்கள். மூன்றாமவர் அந்த இடைவெளியில் அரைச் செங்கல்லைத் தள்ளுவார். பிறகு எல்லோரும் குனிந்து விரல்களை அடியில் கொடுத்துப் புரட்டுவார்கள். சேற்றில் கடப்பாரை வழுக்கினால் சிலாப் விழுவது விரல்களின் மேல்தான். இதற்குக் கையுறை கொடுத்தோம் என்று சொல்வது எனக்குச் சிறிதும் ஏற்புடையதாக இல்லை. அந்த எடையின் கீழ் கையுறை எதையும் காக்காது.

நெம்பிய இடத்தில் விளிம்பு பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது, துருப்பிடிக்கிறது, சிலாப் ஆடத் தொடங்குகிறது. இரண்டாக உடைந்தது திரும்ப வைக்கப்படுவதே இல்லை. மழை பெய்து தெரு முழுவதும் தண்ணீர் நிற்கும்போது, அந்தத் திறப்பு நடந்து வருபவரின் கண்ணுக்குத் தெரியாது.

இதைத் தவிர்க்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. சிலாப்பை வார்க்கும்போதே இரு பக்கமும் தூக்கு வளையம் வைத்து, அதில் மாட்டும் நீண்ட கைப்பிடிக் கொக்கிகளையும், உயரமான மூன்று கால் தாங்கியான முக்காலியில் தொங்கும் அரை டன் செயின் பிளாக்கையும் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கப்பி) கொடுத்தால், யாரும் விரலை அடியில் நுழைக்காமல் சிலாப்பை நேராக மேலே எடுக்கலாம், அதே இடத்தில் நேராக இறக்கலாம். வளையம் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் நடப்பவர் காலில் தட்டும் என்பதால் பல ஊர்களில் அதை அறுத்துவிடுகிறார்கள்; அப்புறம் பிடிப்பதற்கே ஒன்றும் இல்லாமல் போகிறது. வளையத்தைச் சுற்றிக் கிண்ணம் போன்ற சிறு குழிவு விட்டு, அதன் தலை தரைமட்டத்துக்குக் கீழே இருக்குமாறு வார்த்தால் போதும். வளையத்தின் கால்கள் அடிக்கம்பிகளுக்குக் கீழே கொக்கி போட்டிருக்க வேண்டும். முறுக்குக் கம்பியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. வளைத்தாலும் விரிசல் விடாத மைல்டு ஸ்டீல் உருட்டுக் கம்பியே ஏற்றது.

கிரானைட், கோட்டா போன்ற வழவழப்பான கற்களைப் புதிதாகப் பதிக்கும் இடங்களில் வெற்றிட உறிஞ்சுக் கருவி மிகவும் நல்லது. கல்லை மேற்புறத்திலேயே பற்றுவதால், பரப்பிய கலவை கலையாமல், இடைவெளி மாறாமல் அதை இறக்கலாம். விரலை உருவுவதற்காகக் கல்லை ஒருபுறம் சாய்த்துப் போட வேண்டியதில்லை. ஆனால் சொரசொரப்பான பழைய கான்கிரீட்டிலும் சேறு படிந்த பரப்பிலும் காற்று கசிந்து பிடி விட்டுவிடும் என்பதால், வடிகால் சிலாப்புகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே உள்ளாட்சி அமைப்புகள், சிலாப் வார்ப்பதற்கான மதிப்பீட்டிலேயே குழிவுக்குள் அமைந்த தூக்கு வளையத்தைச் சேர்க்க வேண்டும். தூர்வாரும் ஒப்பந்தத்தில் கொக்கிகளும் முக்காலியும் செயின் பிளாக்கும் களத்தில் இருப்பதைக் கட்டாய நிபந்தனையாக்க வேண்டும். எடுத்த சிலாப்புகள் அனைத்தும் திரும்பப் பதிக்கப்பட்டதை உதவிப் பொறியாளர் நேரில் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமான மேற்பார்வையாளர்,
திருச்சி.