மாடிப்படிக்கு அடியிலும் தேடியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

சனிக்கிழமை எங்கள் பழைய வீட்டை எரித்தோம். இன்று திங்கள். இரண்டு முறை தலைக்குக் குளித்தும் புகை வாசம் போகவில்லை. அது போவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருடம் எங்களுக்கு என்ன ஆனது, அந்த வீட்டில் ஏன் இனி குடியிருக்க முடியாமல் போனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் கூடவே நின்றீர்கள். அதை மறுபடி கிளறவில்லை.

இடிப்பதற்குப் பதில், இந்த ஒஹாயோ ஊரின் தீயணைப்பு நிலையத்துக்கு எரித்துப் பயிற்சி செய்யக் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னதும் அம்மா இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. "குடியிருந்த வீட்டுக்கு நாமே கொள்ளி வைக்கறதா?" என்று ஒரே கேள்விதான். 1976-ல் அப்பா வாங்கிய வீடு. ஆனால் அப்பாவுக்காக அந்த ராத்திரி ஓடி வந்ததும் அதே நிலையத்து ஆட்கள்தான், ஒருவரும் சம்பளக்காரர் இல்லை. மூன்றாம் நாள் அம்மா சரி என்றார்.

வீட்டைக் கொடுத்தால் தீக்குச்சியைக் கிழித்துப் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். தீயை வைத்துப் பயிற்சி செய்வதற்கென்று, அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வகுத்த என்.எஃப்.பி.ஏ. 1403 என்று ஒரு விதிமுறை இருக்கிறது. கொலராடோவின் போல்டரில் 1982-ல் பயிற்சித் தீயிலேயே இரண்டு வீரர்கள் இறந்தபிறகு, 1986-ல் வந்தது. ஆஸ்பெஸ்டாஸை எடுக்க வேண்டும், மின்சாரத்தையும் எரிவாயுவையும் துண்டிக்க வேண்டும், வீடு எங்களுடையதுதான் என்று பத்திரம் காட்ட வேண்டும், மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பெட்ரோல் கூடவே கூடாது, வைக்கோலும் மரப்பலகையும்தான். இதற்கெல்லாம் கூட அலைந்த வக்கீல் அண்ணனுக்கும், சமையலறை அலமாரிகளைக் கழற்றி ஏற்றிப்போன நண்பர்களுக்கும், "எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்" என்று சொல்லி அம்மாவைச் சிரிக்க வைத்த மாமாவுக்கும், அன்றைக்கு வடையும் காபியும் கொண்டுவந்த எல்லோருக்கும் நன்றி. (கொடுத்த வீட்டை நன்கொடையாகக் காட்டி வரியில் கழிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: விஸ்கான்சினில் ஒரு தம்பதி இதற்காக வழக்காடி 2012-ல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். நான் அந்த வம்புக்கே போகவில்லை.)

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. நிலையத்தின் பயிற்சி அதிகாரி. ஐம்பதைத் தாண்டிய மனிதர், அம்மாவுக்கு மட்டும் "அந்தத் தம்பி".

எரிப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் வீட்டை அளக்க வந்தார். அம்மாவும் வந்திருந்தார். அளந்து முடித்துவிட்டு அம்மாவிடம் திரும்பி, "இந்த வீட்டுப் பிள்ளைகள் பயந்தால் எங்கே போய் ஒளிவார்கள்?" என்று கேட்டார். தீப்பிடித்தால் சின்னப் பிள்ளைகள் பல சமயம் வெளியே ஓடாமல் கட்டிலுக்கடியில், அலமாரிக்குள் போய்ப் பதுங்கிவிடுவார்களாம். பயிற்சிக்கென்று கட்டிய சிமெண்ட் கட்டடத்தில் மூலை முடுக்கெல்லாம் தன் ஆட்களுக்கு மனப்பாடம், இங்கே அப்படி இல்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்.

ஒரு வருடமாக எல்லோரும் அம்மாவிடம் கையெழுத்துப் போடு, கட்டு, காலிசெய் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம், நான் உட்பட. அவருக்குத் தெரிந்த ஒன்றை யாரும் கேட்டதே இல்லை.

அம்மா முன்னால் நடந்தார். மாடிப்படிக்கு அடியில் அரிசி மூட்டை வைக்கும் அலமாரி. சமையலறைக் கதவை அகலத் திறந்தால் அந்தக் கதவே அலமாரியை மறைத்துவிடும். "ரிப்போர்ட் கார்டு வர்ற அன்னிக்கெல்லாம் இவன் இதுக்குள்ளதான்" என்று என்னைக் காட்டினார். எனக்கு வயது 48. அதிகாரி சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

சனிக்கிழமை குழந்தை அளவில் ஒரு பொம்மையை அங்கே வைத்தார்கள். உயிருள்ள ஆளை அப்படி வைக்கக் கூடாது. 2001-ல் நியூயார்க் மாநிலத்து லேர்ட்ஸ்வில்லில் சிக்கியவராக நடிக்கப்போன புது வீரர் ஒருவர் இறந்தே போனார். முதல் அணி புகைக்குள் சுவரைத் தடவிக்கொண்டே தவழ்ந்து போய் வெறுங்கையோடு வந்தது. இரண்டாவதும் அப்படியே. எதிர்ப்பக்கம் மடக்கு நாற்காலியில் அம்மா, "கதவுக்குப் பின்னாடி, கதவுக்குப் பின்னாடி" என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது அணியில் ஒரு பெண் சமையலறைக் கதவைச் சாத்திப் பார்த்தாள். தூக்கிக்கொண்டு வந்தாள்.

அந்த அதிகாரி எல்லோரையும் அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, "ஏன் கிடைக்கவில்லை என்று இவர் சொல்வார்" என்றார். அம்மா சொன்னார். கரி படிந்த முகங்கள் எல்லாம் தலையாட்டின.

மாலையில் வீட்டை முழுதாக எரியவிட்டார்கள். கூரை உள்ளே சரிந்தபோது அழுதது நான்தான். அம்மா இல்லை.

ஐயா, உங்களுக்குத் தமிழ் தெரியாது. இதை நிலையத்துக்கு வந்து வாசித்து அர்த்தம் சொல்கிறேன். அப்படியே உங்கள் நிலையத்தில் சேர என் விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுவேன். இந்த வயதில் ஏணி ஏறச் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன், தண்ணீர் வண்டி ஓட்ட ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன்.

நேற்று அம்மா என் வீட்டில் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்தார். அப்புறம் என் மகளைக் கூப்பிட்டு, புகை வந்தால் ஒளியக் கூடாது, வாசலுக்கு ஓடணும் என்று மூன்று முறை ஓடவைத்தார்.