செயலாளர் ஆண்டறிக்கை, 2024-25

(பல்லாவரத்தில் உள்ள நம் நகர்க் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வெயிலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் நகர்வாசிகளே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தெருவிளக்கு, குப்பை வண்டி, மழைநீர் வடிகால் ஆகிய மூன்றுக்கும் கொடுத்த மனுக்களின் நகல்கள் கோப்பில் உள்ளன. விளக்கு எரிகிறது, வண்டி வருகிறது, வடிகால் அப்படியே இருக்கிறது. சந்தா பாக்கிப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

மீதி அறிக்கை முழுவதும் சிற்றுலாக்களைப் பற்றியது. போன பொதுக்குழுவில் மகளிர் குழு கொண்டுவந்த தீர்மானம் உங்களுக்கு நினைவிருக்கும். அதுவரை நம் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை பெரிய பேருந்து பிடித்து, மூன்று நாளில் பதினைந்து கோயில் என்று போய்க்கொண்டிருந்தது. நடை சாத்துவதற்குள் ஓட வேண்டும், சாப்பாடு பேருந்திலேயே, தூக்கமும் பேருந்திலேயே. முழங்கால் வலிக்காரர்கள் முதலில் நின்றார்கள், பிறகு வேலைக்குப் போகிறவர்கள் நின்றார்கள், கடைசியில் ஆள் சேராமல் அட்வான்ஸ் போனது. ஆகவே இப்படித் தீர்மானித்தோம்: காலையில் கிளம்ப வேண்டும், இராத்திரிச் சாப்பாடு அவரவர் வீட்டில், ஒரு நாளைக்கு ஒரே இடம். இந்த விதிக்குள் அடங்கும் ஊர்கள் சென்னையைச் சுற்றி இவ்வளவு இருக்கின்றனவா என்று கேட்டவர்களுக்கு இந்த அறிக்கைதான் பதில்.

முதல் பயணம் பூண்டி. திருவள்ளூர்ப் பக்கம் ஒரு நீர்த்தேக்கம், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று செயற்குழுவிலேயே முணுமுணுப்பு எழுந்தது. நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் நம் பல்லாவரம்தான். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் நம் ஊர் மண்ணில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்குக் கிடைத்த முதல் சான்று அதுதான். அதே ஆண்டில் அவர் பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். அங்கே பிற்காலத்தில் நடந்த அகழாய்வில் கிடைத்த கருவிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் கணித்திருக்கிறார்கள். அந்த வட்டாரத்தின் கருவிகளைப் பூண்டி அகழ்வைப்பகத்தில் பார்க்கலாம். சிறிய இடம், ஒரு மணி நேரம் தாராளம். கைக்கோடரியின் இரண்டு பக்கமும் செதுக்கிச் செதுக்கி விளிம்பு கொண்டுவந்திருப்பதைக் கண்ணாடிக்குள் பார்த்த நம் ஏழாவது தெருப் பையன், "எங்க ஏரியாவிலயா கிடைச்சுது?" என்று மூன்று முறை கேட்டான். ரேடியல் சாலையில் நாம் தினம் மிதிக்கும் சரளைக்கு இத்தனை மரியாதை உண்டு என்பது பெரியவர்களுக்கும் புதுச் செய்திதான்.

நீர்த்தேக்கம் 1944-இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டி முடிக்கப்பட்டது. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயரால் சத்தியமூர்த்தி சாகர் என்பார்கள். ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாயில் வரும் கிருஷ்ணா நீர் வந்து சேர்வதும் இங்கேதான். நாங்கள் போனபோது தண்ணீரைவிடத் தரைதான் அதிகம் தெரிந்தது. மழைக்காலம் முடிந்து டிசம்பர், ஜனவரியில் போனால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

அடுத்தது காஞ்சிபுரம், ரயிலில். பல்லாவரத்தில் ஏறிச் செங்கல்பட்டு வழியாகப் போகும் வண்டி நாளுக்குச் சிலவே என்பதால் நேரம் பார்த்துப் போக வேண்டும். ஒரே இடம் என்ற விதிப்படி கைலாசநாதர் கோயில் மட்டும். "காஞ்சிபுரம் போய் வரதரைப் பார்க்காமல் வருவதா?" என்று ஒரு பிரிவினர் கடைசிவரை சமாதானமாகவில்லை. ஆனால் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் மணற்கல்லில் எழுப்பிய அந்தக் கோயிலை நின்று நிதானமாகப் பார்க்க இரண்டரை மணி நேரம் போதவில்லை. சுற்றுச்சுவர் ஓரமாக வரிசையாக 58 சிறு கோயில்கள். சிலவற்றில் சுண்ணப்பூச்சும், பூச்சின் மேல் பழைய ஓவியத்தின் சிவப்பும் மஞ்சளும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான பாதை உண்டு, தவழ்ந்து நுழைந்து தவழ்ந்து வெளிவர வேண்டும். மறுபிறவி கிடையாது என்று குருக்கள் சொன்னதும், மாடிப்படி ஏறவே யோசிக்கும் நம் முன்னாள் பொருளாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பக்கம் வெளியே வந்தவர் எழுந்து நிற்கத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

கோயில் என்றால் மதியம் 12 மணிவாக்கில் நடை சாத்தி, 4 மணிக்கு மேல்தான் திறப்பார்கள். எனவே கோயில் ஊருக்கு விடிகாலையில் கிளம்புவது, இல்லையென்றால் கிளம்பாமலே இருப்பது என்பதைக் குழு இப்போது ஏற்றுக்கொண்டுவிட்டது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தவிர்த்தோம். அது 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம், குறை சொல்வதற்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான் காரணம். அதற்குச் சில கிலோமீட்டர் முன்னாலேயே சாளுவன்குப்பத்தில் இறங்கினோம். புலிக்குகை எல்லோருக்கும் தெரியும், யாளித் தலைகள் வளைத்து நிற்கும் பாறை. அதற்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் மணலுக்குள் இருக்கும் முருகன் கோயில் பலருக்குத் தெரியாது. 2004 டிசம்பர் சுனாமி மணலை வாரிக்கொண்டு போனபின் அங்குள்ள பாறையில் கல்வெட்டுகள் தெரிந்தன. அவற்றில் முருகன் கோயிலுக்குக் கொடுத்த கொடை பற்றி இருந்தது. கொடை இருந்தால் கோயில் இருக்க வேண்டுமே என்று தோண்டியதில், பல்லவர் காலக் கட்டுமானத்துக்கும் அடியில், அதைவிடப் பழைய செங்கல் கோயில் ஒன்று கிடைத்தது. சங்க காலத்தது என்கிறார்கள். வடக்குப் பார்த்த சந்நிதி, முன்னால் கல்லில் செய்த வேல். சவுக்குத் தோப்பு நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். இந்த ஆண்டின் மிகச் சுலபமான பயணம் இதுதான். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

உத்திரமேரூர்ப் பயணம் டிசம்பர் 1 என்று குறித்திருந்தோம். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததும் அதைப் பொங்கலுக்குப் பின் தள்ளிவைத்தோம். தள்ளிப்போனது நல்லதாகவே முடிந்தது, ஏனென்றால் அதற்குள் வேடந்தாங்கலில் பறவைகள் நிறைந்துவிட்டன. எனவே விதியை ஒரே ஒருமுறை மீறினோம்: காலையில் உத்திரமேரூர், மாலையில் வேடந்தாங்கல். இதைச் செயற்குழு சிறப்புத் தீர்மானமாகப் பதிவு செய்திருக்கிறது.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் அடிச்சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லும் குடவோலைக் கல்வெட்டுகளை நம் நகர்த் தமிழாசிரியை விரலால் தொடாமல் காட்டிக்காட்டி விளக்கினார். வேட்பாளர் 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி நிற்க முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது. இந்த இடத்தில் எல்லோரும் பொருளாளரைத் திரும்பிப் பார்த்ததை அவர் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்களாம். இதை வைத்து அன்றைக்கே ஊர் முழுக்க ஓட்டுப் போட்டது போலச் சிலர் பேசுகிறார்கள். அது சதுர்வேதிமங்கலத்துச் சபை, வேதம் படித்தவர்களுக்கான தகுதிப் பட்டியல், பெண்களுக்கும் மற்றவர்களுக்கும் அதில் இடமில்லை. அதையும் ஆசிரியை சேர்த்தே சொன்னார். ஆனாலும் கணக்கு விஷயத்தில் அவர்கள் காட்டிய கண்டிப்பைச் சங்க விதிகளில் சேர்க்கலாமா என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. உறவினர் பகுதியை மட்டும் விட்டுவிடலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

அங்கிருந்து வேடந்தாங்கல் முக்கால் மணி நேரப் பயணம். மாலை நான்கு மணிக்கு மேல்தான் அங்கே வேடிக்கை. இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், கூழைக்கடா எல்லாம் தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் அடுக்கடுக்காகக் கூடு கட்டியிருக்கும். பைனாகுலர் ஒன்று போதாது, சண்டை வருகிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் போய் முறையிட்டு, 1790-களில் செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கிய ஊர் அது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள். இன்றும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. திரும்பும் வழியில் ஜிஎஸ்டி சாலை நெரிசலில் சிங்கப்பெருமாள் கோவில் தொடங்கி ஊர்ந்துதான் வந்தோம். ஆனாலும் இராத்திரிச் சாப்பாடு வீட்டில்தான். கொஞ்சம் தாமதம், அவ்வளவே.

பிப்ரவரியில் பழவேற்காடு. பொன்னேரி வரை மின்சார ரயில், அங்கிருந்து பேருந்து. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்துப் பெரியது. டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தில் இன்று மேடும் முள்புதரும்தான். கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கற்களைப் பார்த்துக் குழந்தைகள் உள்ளே வர மறுத்தார்கள், பிறகு வெளியே வர மறுத்தார்கள். பூநாரைகள் தூரத்தில் வெளிர்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. கிட்டே போய்ப் பார்க்கப் படகு வேண்டும் என்று பலர் கேட்டார்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை நினைவூட்டி மறுத்துவிட்டேன். அதற்காக என்மேல் வருத்தம் இருக்கிறது என்று தெரியும். அடுத்த செயலாளரும் இதே பதிலைச் சொல்ல வேண்டும் என்று தீர்மான நகலில் கேட்டிருக்கிறேன். பனையோலைப் பெட்டிகள் வாங்கியவர்கள் அவற்றைச் சமையலறையில் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்வி.

இனி நிர்வாக விஷயம். ஒரு வேன்காரர் காலை ஆறு மணி என்று சொன்ன வண்டியை ஏழரைக்கு அனுப்பினார். போன் போட்ட போதெல்லாம் "வந்துட்டே இருக்கு சார்". அவரை மறுபடி கூப்பிடவில்லை. இப்போது வாடகை, டோல், டிரைவர் பேட்டா மூன்றையும் முன்கூட்டியே எழுதி வாங்குகிறோம். வெள்ளிக்கிழமைப் பயணம் கிடையாது, சந்தை நாளில் வேன் நம் பக்கத்திலிருந்து வெளியே வர முடியாது.

மகளிர் குழு எழுப்பிய கழிப்பறைப் பிரச்சினைதான் எல்லாவற்றிலும் முக்கியம். பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள் என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. அதன்பின், செயற்குழுவில் இரண்டு பேர் முன்கூட்டியே இருசக்கர வண்டியில் போய்ப் பார்த்து, சுத்தமான கழிப்பறை எங்கே என்று குறித்து வந்த பிறகே இடத்தை இறுதி செய்கிறோம். சில பெயர் பெற்ற இடங்கள் இந்த ஒரு காரணத்தாலேயே பட்டியலிலிருந்து விழுந்தன.

வரும் ஆண்டுக்கு சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை, முட்டுக்காடு தட்சிணசித்ரா, வடநெம்மேலி முதலைப் பண்ணை ஆகியவை பரிசீலனையில் உள்ளன. தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, முதலைப் பண்ணைக்குத் திங்கள்கிழமை, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய்தான். நாள் சொல்பவர்கள் இதைப் பார்த்துச் சொல்லவும். ஆலம்பரைக் கோட்டை வேண்டும் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். போக மட்டும் நூறு கிலோமீட்டர் என்பதால் இராத்திரிச் சாப்பாட்டு விதிக்கு அது ஒத்துவருமா என்பதைப் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும்.

கட்டுசாதம் கட்டிக் கொடுத்த மூன்றாவது தெருச் சகோதரிகளுக்கும், முதலுதவிப் பெட்டியைத் தூக்கி அலைந்த செவிலியர் அம்மாவுக்கும், தமிழாசிரியைக்கும் சங்கத்தின் நன்றி. அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் பணத்தோடு கொடுக்கவும், "எழுதி வச்சுக்கோங்க சார், அப்புறம் தர்றேன்" என்பது இனி ஏற்கப்படாது.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்